எந்தக் கடல், எந்த மாதம், எந்த வலை?

கடலோரக் கதைகளைப் படமாக்கும் தமிழ் இயக்குநர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் கலை இயக்குநர்களுக்கும் ராமநாதபுரம் கரையிலிருந்து வணக்கம்.

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று சுற்றி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை உங்கள் படங்களை இப்போது பெரும்பாலும் வீட்டில்தான் பார்க்கிறோம். தியேட்டரில் தப்பான காட்சி ஒன்று வந்தால் அடுத்த காட்சி அதை மூடிவிடும். வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், எழுதியிருக்கும் படகு எண்ணை நிறுத்திப் படிக்கலாம். வலையின் பையான மடியிலிருந்து கொட்டுவது என்ன மீன் என்று திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில் மனதை உறுத்துவது ஒன்றுதான். நடிப்பும் ஒளிப்பதிவும் வருஷத்துக்கு வருஷம் மெருகேறுகின்றன. கடல் மட்டும் எந்த ஊர்க் கடலாகவும் இல்லாமல் பின்னால் கட்டிய படுதாவாகவே நிற்கிறது.

கதை எழுத உட்காரும்போதே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிடுங்கள். எந்தக் கடல், எந்த மாதம், எந்த வலை. இந்த மூன்றும் முடிவானால் படகு எது, ஆள் எத்தனை, எப்போது கிளம்புவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்பதெல்லாம் தானாகவே அதற்குள் வந்துவிடும்.

முதலில் கடல். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் தீவில் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடலின் பெரும்பகுதி ஏழு பாகத்துக்கு மேல் ஆழமில்லை. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. இந்த ஆழத்தில் ஆளை விழுங்கும் கரும்பாதாளம் கிடையாது. மலைபோல எழுந்து கரையில் வந்து சுருண்டு உடையும் அலையும் கிடையாது. அந்த அலை கன்னியாகுமரிப் பக்கத்து அலை, கேரளத்து அலை. அதைப் படமெடுத்துவிட்டு மேலே 'ராமேஸ்வரம்' என்று எழுத்துப் போட்டால் இந்தக் கரையில் சின்னப் பிள்ளைகூட இது நம்ம கடல் இல்லை என்று சொல்லிவிடும். தெற்குக் கடல் ஆழமானது, வேகமானது. ஆனால் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகளும் பவளப்பாறைத் திட்டுகளும் வரிசையாகக் கிடக்கின்றன. பெரிய அலை அங்கேயே உடைந்து வேகம் குறைந்துதான் கரைக்கு வரும்.

பெரிய சரக்குக் கப்பல் இருட்டில் வந்து மீன்பிடிப் படகை மோதிவிட்டுப் போகும் காட்சியையும் பார்த்தோம். பாக் நீரிணையில் அந்த அளவுக் கப்பல் ஓட ஆழமில்லை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் போகும் கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. அதை மாற்றத்தான் 2005-ல் கடலுக்குள் கால்வாய் தோண்டும் சேதுசமுத்திரத் திட்டமே தொடங்கப்பட்டது. மோதல் காட்சி வேண்டுமென்றால் கதையை வேறு கடலுக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கடலுக்கு அது உண்மையான ஆபத்துதான்.

சூரியனையும் கவனியுங்கள். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். நாயகி கரையில் உட்கார்ந்து செவ்வானம் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்து அழும் காட்சியைத் தொண்டியில் வைக்க முடியாது. கீழக்கரையில் கடல் தெற்கே. அங்கேயும் அந்திச் சூரியன் கடலுக்கு நேர் எதிரே இறங்காது. உதயம், மறைவு இரண்டும் கடல்மேல் வேண்டும் என்றால் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு வாருங்கள், இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிறது. மேற்குக் கரையில் எடுத்த அந்தி வெயிலைக் கிழக்குக் கரை ஊரில் ஒட்டவைத்தால், நிழல் விழும் திசையே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து மாதம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது தலைகீழாக மாறும். பாம்பன் போன்ற ஊருக்கு இரண்டு பக்கமும் கடல் என்பதால் நாட்டுப்படகுகள் காற்றுக்குத் தக்கபடி பக்கம் மாறித் தொழில் செய்யும். ஒரே ஊரில் ஒரு கரையில் படகுகள் ஏற்றிக் கவிழ்த்திருக்க, மறு கரையில் ஏலம் நடக்கும். இப்படி ஒரு காட்சி உலகத்தில் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? ஒரு படத்திலும் அது வரவில்லையே என்பது எங்கள் ஆதங்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை. படத்தில் மே மாதக் கோயில் கொடை நடக்கிறது, அதே வாரம் நாயகன் விசைப்படகில் வலை இழுக்கிறான் என்றால் கதை அங்கேயே உடைகிறது. சாதாரண நாளிலும் இந்தப் பக்கத்து விசைப்படகுகள் தினமும் போவதில்லை. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பங்கிட்ட ஏற்பாடு இருக்கிறது. கிளம்பும் முன் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்க வேண்டும். விசைப்படகு கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. வில்லனைத் தேடிச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டியதில்லை. இந்த மூன்று மைலுக்குள், தன் நாள் இல்லாத நாளில், ஒரு இழுவைப்படகு நுழைந்து நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துக்கொண்டு போனால், அதில் ஒரு முழுப் படத்துக்குக் கதை இருக்கிறது. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்களாக இருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய கதை.

வலைக்கு வருவோம். அதிகம் தப்பு நடப்பது இங்கேதான்.

நடுக்கடலில் விசைப்படகின் மேல் நின்றுகொண்டு நாயகன் வீச்சுவலையை வட்டமாக வீசுகிறான். பார்க்க அழகுதான். ஆனால் வீச்சுவலை இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் வீசுவது. விளிம்பில் கோத்த ஈயக்குண்டு தரையைத் தொட்டு வட்டம் மூடினால்தான் மீன் உள்ளே நிற்கும். ஐந்து பாகம் ஆழத்தில் வீசினால் குண்டு தரைக்கு இறங்கும் முன்பே மீன் அடிவழியாகப் போய்விடும். வீச்சுவலை வேண்டுமென்றால் நாயகனைப் படகிலிருந்து இறக்கி, கழிமுகத்திலோ தரவைத் தண்ணீரிலோ தனியாக நிறுத்துங்கள். அது தனி ஆளின் தொழில், அதற்கென்று ஒரு அமைதி உண்டு.

விசைப்படகில் போடுவது இழுவலை. டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு ஐந்திலிருந்து எட்டுப் பேர் வரை போவார்கள். ஐஸை மறந்துவிடாதீர்கள். கட்டியை உடைத்துப் படகின் அறைக்குள் நிரப்பும் சத்தம் இல்லாமல் ஒரு ஜெட்டியும் விடிவதில்லை, ஆனால் திரையில் ஐஸ் ஏற்றுவதைக் கண்டதே இல்லை. இடம் வந்ததும் மடியை முதலில் தண்ணீரில் விடுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் கனமான பலகைகள் இறங்கும். படகு நகரும்போது தண்ணீரின் அழுத்தத்தில் பலகைகள் விலகி வலையின் வாயை அகலத் திறந்து பிடிக்கும். ஆழத்தைப்போலப் பல மடங்கு கயிறு விட வேண்டும். கயிறு குறைந்தால் வலை தரையை விட்டு எழும்பும், அதிகமானால் சேற்றில் புதையும். பிறகு மெதுவாக, ஆள் வேகமாக நடக்கும் அளவுக்குத்தான், இரண்டு மூன்று மணி நேரம் இழுக்க வேண்டும். போட்ட ஐந்தாவது நிமிஷம் வலை நிறைந்து வராது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சோறு, தூக்கம், சண்டை, சமாதானம், கடன் கணக்கு எல்லாம் நடக்கும். வசனம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

வின்ச் சுற்றி, பலகை ஏறி, மடி மேலே தொங்கும்போது ஒருவர் அடிமுடிச்சை அவிழ்ப்பார். மொத்தமும் தளத்தில் கொட்டும். கொட்டுவது வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ஒரே அளவு மீன் அல்ல. காரல், நண்டு, கணவாய், இறால், பாசி, சிப்பி, சேறு எல்லாம் கலந்த குவியல். உட்கார்ந்து பிரித்தெடுக்கத் தனியாக நேரம் பிடிக்கும். விலை அதிகம் என்பதால் இறாலைத்தான் முதலில் பொறுக்குவார்கள். கை முழுக்க முள் குத்தும். இந்தக் குவியலில் கட்லாவையும் ஜிலேபியையும் கலந்து கொட்டிப் படமெடுத்தால், அவை குளத்து மீன் என்று நிறுத்திப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 'இப்போதுதான் பிடித்தது' என்று காட்டும் மீனின் கண் வெளுத்துக் குழிந்திருந்தால் அது ஐஸில் கிடந்த மீன். புது மீனுக்குக் கண் துருத்தித் தெளிவாக இருக்கும், செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். படப்பிடிப்பு நாளில் அதிகாலை ஜெட்டிக்கு ஒரு ஆளை அனுப்பி இரண்டு கூடை கலப்பு மீன் வாங்கினால் செலவும் குறைவு, காட்சியும் நிற்கும்.

நாட்டுப்படகில் போடுவது செவுள்வலை. இப்போது பெரும்பாலும் தங்கூசி என்னும் நைலான் நூல். தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்று நீலமும் பச்சையுமாகப் பின்னிய தடித்த வலையைப் பைபர் படகில் சுருட்டி வைக்காதீர்கள். மேலே மிதவை, கீழே ஈயம், சுவர்போல நிற்கும். மாலையில் விட்டு விடியுமுன் எடுப்பார்கள். மீன் துள்ளாது. ஒவ்வொன்றையும் செவுளிலிருந்து கையால் கழற்ற வேண்டும். நண்டு வலை என்றால் இன்னும் பாடு. கொட்டகை நிழலில் குடும்பமே உட்கார்ந்து ஓலக்கால் நண்டைக் கால் ஒடியாமல் சிக்கெடுக்கும். கால் போன நண்டுக்கு விலை இறங்கிவிடும். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் காட்சியைச் சமையலறையில் வைப்பதற்குப் பதில் இங்கே வைத்துப் பாருங்கள், கைக்கு வேலையும் பேச்சுக்கு நேரமும் இருக்கிறது.

கரைவலைக்கு ஒரு வார்த்தை. ஒரு படகு வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு கும்பலாகப் பிரிந்து மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். அம்பாப் பாட்டில் ஒருவர் முதலடி எடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடும் இடத்தில்தான் இழுவை விழும். இசையமைப்பாளர் அந்தத் தாளத்தை ஒருமுறை நேரில் கேட்டுவிட்டு மெட்டுப் போடட்டும். இப்போது வரும் பாட்டுகளில் கால் ஒரு தாளத்திலும் கயிறு ஒரு தாளத்திலும் போகிறது.

படகு எண் பற்றி முன்பே சொன்னோம். ராமேஸ்வரத்து விசைப்படகின் எண் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கும். டிஎன் இருக்க வேண்டிய இடத்தில் கேஎல் இருந்தால் அது கேரளப் படகு. இரண்டு எழுத்தைப் பெயிண்ட் அடித்து மாற்ற அரை மணி நேரம் போதும்.

பழைய காலக் கதை என்றால் பாம்பனைச் சரியாகப் பிடியுங்கள். ரயில் பாலம் 1914-ல் திறந்தது. சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. ஆகவே 1975-ல் நடக்கும் கதையில் நாயகன் பஸ்ஸில் உட்கார்ந்து ராமேஸ்வரத்துக்குப் போக முடியாது. தீவுக்குள் ரயில் மீட்டர்கேஜிலிருந்து அகலப்பாதைக்கு மாறியது 2007-ல். பழைய பாலத்தில் ரயில் ஓடியது 2022 டிசம்பர் வரை. நடுப்பகுதி அப்படியே மேலே உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இன்றைய கதையில் பழைய தூக்குப்பாலத்தில் ரயில் போனால் அது பழைய காட்சியை ஒட்டியது என்று தெரிந்துவிடும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் காதல் பாட்டுக்கு அழகான பின்னணியாக மட்டும் எடுக்காதீர்கள். பவளக்கல்லால் கட்டிய அந்தச் சுவர் 1964 டிசம்பர் 22 புயல் இரவுக்குச் சாட்சி. பக்கத்திலேயே குடிசை போட்டு இன்றும் மக்கள் தொழில் செய்கிறார்கள். உங்கள் கேமராவில் அவர்களும் விழட்டும்.

புயல் காட்சியில் பாம்பன் துறைமுகத்தில் எடுத்த எடுப்பில் 10-ம் எண் கூண்டு ஏற்றிவிடுகிறீர்கள். எங்கோ தூரத்தில் தாழ்வு உண்டானால் 1-ம் எண்ணில்தான் தொடங்கும். படிப்படியாக எண் ஏற ஏறப் பதற்றமும் ஏறும். அந்த ஏற்றமே உங்களுக்குத் திரைக்கதை.

எல்லைக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோடு தண்ணீரில் தெரியாது. மிதவையோ பலகையோ கிடையாது, ஜிபிஎஸ் பெட்டியில் மட்டும்தான் தெரியும். இழுவலை கீழே கிடக்கும்போது படகை நினைத்தவுடன் திருப்ப முடியாது. எஞ்சின் நின்றால் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும். மீனைத் தேடித் தெரிந்தே தாண்டுவதும் உண்டு. இதை மறைத்துவிட்டு எடுத்தால் படம் பொய்யாகிவிடும். அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நிற்கும் கடற்படையை மட்டும் காட்டுகிறீர்கள். அதற்குப் பின்னால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் செவுள்வலை விட்டுப் பிழைக்கும் தமிழ் மீனவர் இருக்கிறார். நம் இழுவைப்படகு அவர் வலையை அறுக்கும்போது அவர் வீட்டிலும் உலை கொதிக்காது. இலங்கை 2017-ல் இழுவைமடியையே தடை செய்தது. சிறையில் இருக்கும் நம் ஆளுக்காக அழுகிற அதே படத்தில் அந்த வீட்டையும் ஒரு காட்சியில் காட்டும் துணிவு யாருக்காவது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறோம். கச்சத்தீவில் ஊரும் தெருவும் கட்டிக் காட்டாதீர்கள். 285 ஏக்கர் தீவு, குடிநீர் இல்லை, குடியிருப்பு இல்லை. அந்தோணியார் கோயிலும் வருஷத்துக்கு ஒரு திருவிழாவும்தான்.

பெண்கள் எப்போதும் கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் படங்களில். பாம்பன் பக்கம் பெண்கள் கடலுக்குள்ளேயே இருக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் செருப்போ தகடோ கட்டி, இடுப்பில் பை தொங்க, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிக்கிறார்கள். துணி நழுவினால் பாறை விரலைக் கிழிக்கும். இதற்கு மேல் என்ன நாயகி வேண்டும்?

சங்கு குளிக்கும் காட்சியில் தரையிலிருந்து எடுக்கும்போதே சங்கு பால்வெள்ளையாக மின்னுகிறது. உயிருள்ள சங்கின் மேல் பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். சதையை நீக்கி, தோலைச் சுரண்டித் தேய்த்த பிறகுதான் வெள்ளை வரும். முத்துக் குளிப்பு இந்த வளைகுடாவில் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. இன்றைய நாயகன் சிப்பி திறந்து காதலிக்கு முத்துக் கொடுக்க முடியாது. பவளத்துண்டைப் பரிசாகக் கொடுத்தால் அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடல் அட்டையும் 2001 முதல் அதே சட்டத்தின் பட்டியலில்தான். 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவோடு காலே வைக்க முடியாது.

பேச்சில் காசிமேட்டையும் குமரியையும் தூக்கிவந்து இங்கே வைக்காதீர்கள். 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று பேசுகிற கரை இது. கீழக்கரை வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா. மீன் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். இந்தப் பக்கம் சீலா என்றால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்று சொல்லும் மீன். சென்னையில் சீலா என்றால் இங்கே ஊளி. இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் ஏலக் காட்சியில் விலையே தப்பாகிவிடும்.

கடைசியாக, வீட்டில் பார்க்கிறவர்களின் காதுக்காக ஒன்று. விசைப்படகின் டீசல் எஞ்சின் ஓடும்போது யாரும் கிசுகிசுக்க முடியாது. கையால் சைகை காட்டுவார்கள், இல்லை கத்துவார்கள். நீங்கள் கிசுகிசுக்க வைத்து, அதன்மேல் அலையும் வயலினும் ஏற்றுகிறீர்கள். தியேட்டரில் திரைக்குப் பின்னால் வசனத்துக்கென்று நடு ஸ்பீக்கர் தனியாக இருக்கிறது. டிவியில் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் எல்லாம் சேர்ந்து நசுங்கும்போது முதலில் முழுகுவது வசனம்தான். ஓடிடிக்குக் கொடுக்கும் முன் சாதாரண டிவி ஒன்றில் போட்டுக் கேட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கென்று தனிக் கலவை செய்து கொடுங்கள். தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்தும் ஓடவிடுங்கள். காது மந்தமான பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கடலும் மழையும் விடாமல் அசைவதால் மொபைல் டேட்டாவில் படம் கட்டம் கட்டமாக உடையும். கேமராவையும் சேர்த்து ஆட்டாமல் நிறுத்தி எடுத்தால் அது கொஞ்சம் குறையும்.

படகு வாடகைக்குப் பேச மட்டும் கரைக்கு ஆள் அனுப்புகிறீர்கள். கதை எழுதும்போதே வாருங்கள். தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் ஏறி நிற்கும், பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, வலை கோத்துக்கொண்டிருப்பார்கள். பேச நேரம் இருக்கிற மாதங்கள் அவைதான். எழுதிய காட்சியைப் படித்துக் காட்டினால் எந்த வலை, எந்தக் காற்று என்று அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள். கடலில் எடுக்க வேண்டியதை மட்டும் ஜூன் 15-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தடை முடிந்து படகுகள் மொத்தமாகக் கிளம்பும் அந்த முதல் நாளை எடுக்க ஜெட்டியில் முந்தின இரவே இடம் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கரையிலிருந்து உங்கள் படங்களைப் பார்க்கிறவர்கள்